பூ கேட்ட வாத்தியார்

சாணார்பட்டி,
14.7.2004

மரியாதைக்குரிய சித்தப்பா ராயப்பராஜ் அவர்களுக்கு, அண்ணன் மகன் ஜெரோம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நான் சுகம். தாங்களும் சித்தியும் பூட்டுக்கடையும் அவ்விதமே இருக்க வேண்டிக்கொள்கிறேன். முதலில் ஒன்று. எனக்கு நிச்சயதார்த்தம் எதுவும் நடக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுவந்த எங்கள் ஊர்ப் பெருமாயி அக்கா உங்கள் கடையேறிச் சொன்னதைக் கேட்டு, "பெத்த பிள்ளை மாதிரி வளத்தேன், ஒரு வார்த்தை சொல்லலியே" என்று நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிட்டதாகச் சித்தி போனில் அழுதார்கள். எழுந்து சாப்பிடுங்கள். நடந்தது இதுதான்.

நான் இங்கே நடத்தும் ஐந்தாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பூத்தோட்டத்துப் பிள்ளைகள். விடியுமுன் எழுந்து மல்லிகை மொட்டுப் பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் சாய்ந்துவிடுவார்கள். பாட்டுப் பாடிப் பார்த்தேன், நரி வேஷம் கட்டிப் பார்த்தேன், நரியைப் பார்த்துக்கொண்டே தூங்கினார்கள். அதிலும் சண்முகவள்ளி என்று ஒரு பிள்ளை, "உள்ளேன் ஐயா" சொன்ன வாயை மூடுமுன்பே தூங்கிவிடும். அவளுடைய அப்பா மலைச்சாமி போன வாரம் வந்து, "தூங்குறதுக்கு எதுக்கு சார் பள்ளிக்கூடம்? அதை வீட்லயே தூங்கிக்கிரும். இனி அனுப்பல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன்.

பாடம் நடத்தும் விதத்தையே மாற்றினேன். பூவின் பாகங்கள் நடத்துவதற்காக, ஆளுக்கு ஒரு பூ கொண்டுவரச் சொல்லி, "சார் கேட்டாருன்னு வீட்ல சொல்லுங்க" என்று அனுப்பினேன். அங்கேதான் என் புத்தி கெட்டது. கல்யாணமாகாத வாத்தியார் ஊர் முழுக்கப் பூ கேட்டால் இங்கே ஒரே அர்த்தம்தான், எங்கோ ஒரு பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணப் போகிறார். கூச்சத்தில் ஒன்று போதும் என்றிருக்கிறார் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். நேற்றுக் காலை தாய்மார்கள் கூடை கூடையாக மல்லிகை, கனகாம்பரம், வெற்றிலைபாக்குத் தட்டுடன் வந்து இறங்கினார்கள். தலைமையாசிரியர் நல்லுசாமி என் கையைக் குலுக்கி, "எங்கிட்ட மட்டும் மறைச்சுட்டீங்களே" என்றார். "பொண்ணு எந்த ஊரு சார்?" என்று பெருமாயி அக்கா கேட்க, "பொண்ணு இல்லக்கா, பாடம்" என்றேன். "அப்ப டீச்சருக்குப் படிச்ச பொண்ணா?" என்றார்.

யாரும் கலைவதாக இல்லை. ஜன்னலெல்லாம் தாய்மார்கள் நிற்க, நான் ஒரு மல்லிகையைப் பிளந்து, பூதான் காயாகும், காயில்தான் விதை என்று நடத்தினேன். அம்மாக்கள் பார்க்கிறார்களே என்று ஒரு பிள்ளையும் தூங்கவில்லை. அப்போது சண்முகவள்ளி எழுந்தாள். "சார், எங்க மல்லிய மொட்டுலயே பறிச்சிருறோமே, அதுக்கும் காயாகணும்னு ஆசை இருந்திருக்குமா?" என்று கேட்டாள். தாய்மார்களோடு கூடை சுமந்து வந்திருந்த மலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். நான் மணியடிக்கச் சொல்லிவிட்டேன்.

மதியம் அவள் மறுபடி தூங்கிவிட்டாள். ஒரு பிள்ளையைச் செத்த நேரம் எழுப்ப ஒரு ஊரையே கூட்ட வேண்டுமென்றால், கேட்ட கேள்விக்குப் பதிலும் தெரியவில்லை என்றால், இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. அடுத்த மாதம் உங்கள் கடைக்கே வந்துவிடுகிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள், அங்கே சாவி போட்டால் எந்தப் பூட்டும் திறக்கும். சித்திக்கு என் அன்பு. உங்கள் செபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்படிதலுள்ள மகன்,
ஜெரோம்

பி.கு. கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் மலைச்சாமி வந்தார். "எம்புள்ள ராத்திரி பூரா அந்த மல்லி என்ன நெனச்சிருக்கும்னு கேட்டுக் கேட்டு எங்கள உறங்க விடல சார். இனி அவளைப் பூப்பறிக்கச் செடிக்குக் கூட்டிட்டுப் போகல. நானும் அவ ஆத்தாளும் பறிச்சுக்கிறோம், பிள்ளை நல்லா உறங்கி எந்திரிச்சு வரட்டும்" என்றார். சித்தப்பா, கடைக்கு வேறு ஆள் பாருங்கள். நாளைக் காலை அந்தப் பிள்ளை கண் விழித்து வந்து என் முன்னால் உட்காரும், அதற்குள் நான் பதில் தேட வேண்டும்.