முழங்கால் அளவு தண்ணீர்

வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. பொறியாளர் மொட்டை மாடியில் நின்று நாலா பக்கமும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"என்னங்க, மழை வருமா?" என்றாள் மனைவி.

"வராது."

"இத்தனை வருஷமா மழை வேண்டாம்னு கும்பிட்டேன். அது இன்னிக்குப் பாத்தா பலிக்கணும்!"

அவள் கும்பிட்டதில் நியாயம் உண்டு. அவருக்கு மாநகராட்சியின் சாலைப் பிரிவில் வேலை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுச் சாலை போடுவது அந்தப் பிரிவின் பரம்பரைப் பழக்கம். தெரு உயர்ந்துகொண்டே போனது, அவருடைய சொந்த வீடு பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. தூறல் விழுந்தாலே தண்ணீர் உரிமையோடு உள்ளே வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும்.

"இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்துச்சுன்னா அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்" என்று போன மழையில் அவள் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது.

நேற்று மேலதிகாரி போன் செய்தார். "மழைநீர்த் திட்டத்துக்குக் கடன் கொடுக்கற வங்கியிலேர்ந்து நாளைக்கு ஆள் வராங்க. தண்ணி நிக்கற தெருக்களைப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணை எடுப்பாங்க. உங்க தெருவையும் சேத்திருக்கேன்."

என்ன திட்டம் என்று பொறியாளர் கேட்கவில்லை. மழைநீர் என்றால் வடிகால்தானே, வேறென்ன!

மழை கைவிட்டதும் தண்ணீர் லாரியைக் கூப்பிட்டார்.

"தொட்டி எங்க சார்?" என்றார் லாரிக்காரர்.

"தொட்டி இல்ல. ரோட்டுல ஊத்துங்க."

லாரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?"

"ஊத்துங்கய்யா!"

ஊற்றினார். தெருமுனையில் ஒரு பழைய வடிகால் ஓட்டை. மழைக்காலத்தில் ஒரு கை தண்ணீர்கூட வாங்காதது, இன்று மடக்மடக்கென்று குடித்துத் தீர்த்தது. தெரு கழுவிவிட்டாற்போல் பளிச்சென்று ஆனது.

"முன்னாடி தூசியாவது இருந்துச்சு" என்றாள் மனைவி.

பொறியாளர் வெள்ளத்துக்குத் தடுப்பாகத் தம் வாசலில் அடுக்கியிருந்த மண் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, அந்த ஓட்டையை அடைத்தார். அடுத்தடுத்து லாரிகள் வந்தன. இப்போது தண்ணீர் நின்றது. கணுக்கால், அதற்கு மேல், முழங்கால். அவர் முகத்தில் சிரிப்பு வரும் நேரத்தில் ஒரு பேருந்து தண்ணீருக்குள் இறங்கி, அதைப் பெரிய அலையாக அவர் வீட்டுக்குள் தள்ளிவிட்டு, நடுத்தெருவில் இருமி நின்றுபோனது.

"என்னங்க! வாசல்ல இருந்த மூட்டையெல்லாம் எங்க?"

மனைவி பெட்டியோடு வெளியே வந்தாள். "மழைத்தண்ணி உள்ள வந்தா போவேன்னு சொன்னேன். நீங்க லாரி வச்சுல்ல உள்ள விட்டிருக்கீங்க!"

"கொஞ்சம் பொறும்மா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்!"

அதற்குள் கார் வந்துவிட்டது. வங்கி அதிகாரி அம்மாள் ரப்பர் பூட்ஸோடு இறங்கினார். பின்னாலேயே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு தலை நரைத்த ஓர் ஆள்.

"எப்ப மழை பேஞ்சுது? எங்க பக்கம் காய்ஞ்சு கிடக்கே" என்றார் அதிகாரி.

"விடியக்காலையில மேடம். இந்தத் தெருவுல மட்டும்."

"இந்தத் தெருவுல மட்டுமா?"

"பள்ளம் மேடம். மழைக்கும் இளக்காரம்."

அதிகாரி சிரிக்கவில்லை. அளவுகோலை நடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மண் மூட்டை ஒன்றின் காது தண்ணீருக்கு மேல் எட்டிப் பார்த்தது. பொறியாளர் நகர்ந்து அதன்மேல் ஏறி நின்றார். வேலை போய்விடும், மனைவி போய்விடுவாள், எது முந்திக்கொள்ளும் என்பதுதான் தெரியவில்லை.

"இறங்குதா?" என்றார் அதிகாரி.

"ஒரு விரல்கூட இறங்கல மேடம்" என்றார் அளவுகோல்காரர்.

"பிரமாதம்! மத்த தெருவைப் பாக்கவே வேண்டாம். இதுக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

பொறியாளருக்கு அழுகையே வந்துவிட்டது. அதிகாரி போய்க் காரில் ஏறிக்கொண்டார். மனைவி பெட்டியை மதில்மேல் வைத்துவிட்டு, அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் ஆசையாகக் கேட்டாள்.

"அண்ணே, வேலை எப்ப ஆரம்பிப்பீங்க?"

"நீங்கல்லாம் வீட்டைக் காலி பண்ணிக் குடுத்த மறுநாளே ஆரம்பிச்சிடலாம்மா. நகரத்து மழைத்தண்ணி மொத்தத்தையும் தேக்கி வைக்க ஏரி வெட்டணும்னு, இப்படி ஒழுகாத ஒரு பள்ளத்தைத்தானே இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தோம்!"