பாலைவனத்தில் தண்ணி காட்டியவர்

குளிர்பெட்டி மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டில் அவர் குழாயை மூடினால்கூட மனைவி பின்னாலேயே வந்து இன்னொரு திருகு திருகிவிட்டுப் போகிறாள். பாலைவனத்தில் குழாய் கிடையாது. தான் யார் என்று அங்கே வைத்துத்தான் காட்ட வேண்டும்!

மனைவியோடு பாலைவனத்தில் நெடுநடைப் பயணம் போக நாள் குறித்தார். முந்தின வாரமே ஜீப் ஓட்டும் நண்பனோடு ரகசியமாகப் போய், வழிநெடுகத் தண்ணீர் கேன்களைப் புதைத்துவிட்டு வந்தார். ஒவ்வொன்றின் மேலும் அடையாளத்துக்குக் கற்கள்.

மனைவி தையற்காரி. பஞ்சு வைத்துத் தைத்த போர்வை ஒன்றைச் சுருட்டிக் கட்டினாள்.

"உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"எனக்கெதுக்கு? குளிரோடயே குடும்பம் நடத்துறவன் நான்!"

"அப்ப என்னோட நடத்துறது?"

அவர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "தண்ணியும் ரொம்ப வேண்டாம். மணலை மோந்து பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன்."

"உங்களுக்குக் குளிர் விட்டுப்போச்சு. அங்கே போனா திரும்ப வந்துடும்."

முதல் நாள் எல்லாம் கச்சிதம். அவளைப் பாறை நிழலில் உட்காரவைத்தார். ஒரு பிடி மணலை முகர்ந்தார், கண்ணை மூடினார், மேட்டுக்குப் பின்னால் மறைந்தார். திரும்பும்போது பாட்டில்கள் தளும்பின.

"அடேயப்பா! இப்படி ஒரு மூக்கை வச்சுக்கிட்டா அடுப்புல பால் தீயறது தெரியாம உக்காந்திருந்தீங்க?"

"அது வீட்டு மூக்கு. இது காட்டு மூக்கு."

மறுநாள் சாயங்காலம் கற்கள் இருந்தன. தோண்டினார். மணல். இன்னும் தோண்டினார். இன்னும் நல்ல மணல். பாட்டிலில் மிச்சம் ஒரே மடக்கு. நம்பி வந்தவளை நடுப்பாலையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே என்று முதல் தடவையாக நிஜமாகவே பயந்தார்.

"என்னங்க, மூக்கடைப்பா?" என்றாள் அவள். குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினாள். முகர்ந்தாள். கண்ணைக்கூட மூடவில்லை. நேரே ஒரு முட்புதருக்குப் போய்த் தோண்டி, கேனைத் தூக்கி அவர் முன் வைத்தாள்.

அவருடைய கேன். அவர் கடை ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. 'இது என்னுது!' என்று கத்த வாயைத் திறந்தார். கத்தினால் மாட்டிக்கொள்வோம் என்று உறைக்கவே, திறந்த வாயால் தண்ணீரைக் குடித்தார்.

சூரியன் விழுந்ததும் மணல் ஐஸாகிவிட்டது. மெக்கானிக்கின் பற்கள் பழைய கம்ப்ரசர் மாதிரி கடகடவென்று ஆடின. போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உண்மையைச் சொன்னா பாதி தர்றேன்."

"எ...எல்லாம் நான் பு...புதைச்சது."

"தெரியும். ஜீப்காரர் சம்சாரம் சட்டைக்கு அளவு குடுக்க வந்தாங்க. அளவில்லாம பேசிட்டாங்க. அப்புறம் அவங்க வீட்டுக்காரரே எல்லாத்தையும் எடுத்து நான் சொன்ன இடத்துல வச்சுட்டார்."

"எல்லாத்தையுமா? முதல் கேன் அங்கேயே இருந்துச்சே!"

"ஒரு நாளாவது சந்தோஷமா இருக்கட்டும்னு விட்டுவச்சேன்."

போர்வையில் பாதி வந்தது. கதகதப்பு ஏற ஏற அவருக்குத் தைரியமும் ஏறியது. "போகட்டும், உண்மையைச் சொல்லிட்டேன். இனிமே நான் முன்னால நடக்கலாமில்ல?"

"தாராளமா. எங்கம்மா வந்திருந்தப்ப உங்களுக்கு வந்த காய்ச்சலைப் பத்தியும் நாளைக்கு உண்மையைச் சொல்லுங்க, அடுத்த கேன் எந்தப் பக்கம்னு சொல்றேன்."