ரிவால்வர் பிரிவில் ஒரே ஆள்

“இந்தத் துப்பாக்கி சரியில்லை,” என்றார் லோவெல், அதைச் சாப்பாட்டு மேஜை மேல் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டே.

“இதுக்கு முந்தினதும் சரியில்லைன்னுதான் சொன்னீங்க,” என்றாள் மனைவி ட்வைலா. “மேஜையைக் காலி பண்ணுங்க, தட்டு வைக்கணும்.”

“பிடி பெருசா இருக்கு. கைக்குள்ள அடங்க மாட்டேங்குது.”

“ஊருக்கே கண்ணாடி மாட்டி விடுறீங்க. உங்க கண்ணுதான் சரியில்லைன்னு ஒத்துக்கிட்டா என்னவாம்?”

மிசௌரி மலைப்பக்கத்துச் சின்ன ஊரில் லோவெலுக்குக் கண்ணாடிக் கடை. மாதம் ஒரு சனிக்கிழமை ஊர் சுடுதளத்தில் போட்டி. ஓடணும், குனியணும், மறைப்புக்குப் பின்னாலிருந்து அட்டை இலக்குகளையும் இரும்புத் தட்டுகளையும் சுடணும். வேகமும் வேணும், குறியும் தப்பக் கூடாது. எந்த வகைத் துப்பாக்கியோ, அந்தப் பிரிவில்தான் போட்டி.

முதல் பரிசு ஆசையெல்லாம் லோவெலுக்குக் கிடையாது. ட்வைலாவின் தம்பி கார்லண்டை ஒரே ஒரு தடவை ஜெயிக்கணும், அவ்வளவுதான். போட்டிக்கு மறுநாள் மாமியார் வீட்டில் விருந்து. அங்கே கார்லண்ட் முட்கரண்டியைத் துப்பாக்கியாகப் பிடித்து முழுப் போட்டியையும் நடித்துக் காட்டுவான். “இங்கதான் அத்தான் கோட்டை விட்டாரு!” என்று ஒரு குதி வேறு. மாமியார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பீச் பழப் பலகாரத்தில் ஓரத்து மொறுமொறுத் துண்டை மகன் தட்டில் வைப்பார். லோவெலுக்கு உயிரே அந்த ஓரத் துண்டுதான்.

அதனால் முடிவுகளை ஒட்டியதும் அவர் கண் தேடுவது ஒரே ஒரு பெயரை. கார்லண்ட் பெயர் தன் பெயருக்கு மேலே இருக்கிறதா? இருக்கும். வேறு யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கக்கூட மனசு வராமல் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

துப்பாக்கிக் கடை டெல்பர்ட்டிடம் யோசனை கேட்டார்.

“இந்தக் காலத்துல யாருப்பா வெறும் இரும்புக் குறி வச்சுச் சுடுறான்? மேல கண்ணாடி மாட்டினது வாங்கு. சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளியை இலக்கு மேல வை, சுடு. குழந்தைகூட சுடும்.”

லோவெல் வாங்கினார். போட்டியன்று துப்பாக்கியைத் தூக்கினால் புள்ளியைக் காணோம். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கழுத்தைச் சாய்த்தும் பார்த்தார். சாவியைத் தொலைத்தவர் மாதிரி அவர் தேடி முடிப்பதற்குள் மற்றவர்கள் சுட்டு முடித்து காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

அதைவிடக் கொடுமை, கார்லண்டும் அன்று சிவப்புப் புள்ளித் துப்பாக்கியோடு வந்து நின்றான். “என்ன அத்தான், நீங்களும் இந்தப் பக்கமா?” என்று ஒரு சிரிப்பு.

“விசையை இலேசாக்கு,” என்றான் டெல்பர்ட். “தொட்டாலே வெடிக்கணும்.”

இலேசாக்கினார். தொட்டாலே வெடித்தது. உறையிலிருந்து எடுத்துத் தூக்குவதற்குள், காலுக்கு முன்னால் இரண்டடியில் புழுதி கிளம்பியது. நடுவர் கையை உயர்த்தினார். அதோடு அன்றைய போட்டி லோவெலுக்கு முடிந்தது. மறுநாள் விருந்தில் கார்லண்ட் அந்தப் புழுதியைச் சர்க்கரைத் தூளை ஊதியே காட்டினான்.

“போதும்டா, பாவம்டா அவரு,” என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஓரத் துண்டு கார்லண்ட் தட்டுக்குப் போனது.

அடுத்து, கனமான பழைய எஃகுத் துப்பாக்கி ஒன்று. அந்தப் பிரிவுக்கும் கார்லண்ட் வந்துவிட்டான், அப்பாவின் துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு.

‘இவன் என்னை விரட்டி விரட்டி அடிக்கிறான்’ என்று லோவெலுக்குத் தீர்மானமாகிவிட்டது. பெயர் பதிவு செய்யும் நடீனுக்கு போன் போட்டார்.

“ரிவால்வர் பிரிவுல யாரும்மா இருக்காங்க?”

“ஒரு ஈ, காக்கா இல்லை. ஆறு குண்டுல தீர்ந்துடும். ஓடிக்கிட்டே திரும்பத் திரும்ப நிரப்பணும். யாருக்கு வேணும் அந்த அவஸ்தை?”

“எனக்கு வேணும். பேரை எழுதிக்கோ.”

வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக லோவெல் எந்தத் துப்பாக்கியையும் வாங்கியதில்லை. ஒரே ஆள். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் முதலிடம். முதலிடம் வந்தவன் தட்டில் ஓரத் துண்டு வைக்காமல் மாமியாரால் இருக்க முடியுமா? கார் கொட்டகையில் வெற்றுத் தோட்டாக்களைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, சீட்டியடித்துக்கொண்டே பழகினார்.

“என்னங்க, பாட்டெல்லாம் வருது!” என்றாள் ட்வைலா.

“ஆள் இப்பதான் சரியான துப்பாக்கியைப் பிடிச்சிருக்கான்டி!”

சனிக்கிழமை நல்ல வெயில். சுடுவதற்கு முன் எல்லோரும் வழக்கம்போலத் தடத்தை நடந்து பார்த்தார்கள். விரலைத் துப்பாக்கியாக நீட்டி, வாய்க்குள் முணுமுணுத்து, காலி அட்டைகளை முறைத்துக்கொண்டு போன அத்தனை பேரும் அன்று லோவெலுக்கு ரொம்பப் பிரியமானவர்களாகத் தெரிந்தார்கள்.

“அத்தான்!”

திரும்பினார். கார்லண்ட். இடுப்பில் ரிவால்வர்.

“பக்கத்து வீட்டுல இரவல் வாங்கினேன். நல்லாத்தான் இருக்கு, என்ன?”

லோவெல் கார் நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் சுட்டார். நன்றாகவே சுட்டார். கடைசித் தடத்தில் நிரப்பும்போது ஆறு குண்டும் கையிலிருந்து நழுவிப் புல்லில் உருண்டன. அவர் பொறுக்கி முடிப்பதற்குள் கார்லண்ட் ஒரு மயிரிழையில் ஜெயித்துவிட்டான். ரிவால்வர் பிரிவில் இரண்டே பேர். அதில் லோவெல் இரண்டாவது.

நேராக நடீன் மேஜைக்குப் போனார்.

“நிஜத்தைச் சொல்லு. நான் எந்தப் பிரிவுன்னு அவனுக்கு யார் சொல்றது?”

“நான்தான். மாசா மாசம் கேக்குறாரு. ஒரே குடும்பம், ஆசையா சேர்ந்து சுட்டா என்ன தப்பு?”

“ஆசையாவது! ஏம்மா, அவ்வளவு கெட்டிக்காரன், பெரிய ஆளுங்களோட மோத வேண்டியதுதானே? என்னை ஏன் துரத்துறான்?”

நடீன் பேனாவைக் கீழே வைத்தாள்.

“கெட்டிக்காரரா? நீங்க காய்ச்சல்னு வராத மாசம் அவருதானே கடைசி! அன்னைக்குக் கார்லயே ரொம்ப நேரம் உக்காந்திருந்துட்டு வந்து எங்கிட்ட சொன்னாரு, ‘அத்தான் எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் என்னையும் அதுலயே போடு நடீன், இந்த ஊர்ல என்னால ஜெயிக்க முடியிற ஒரே ஆள் அவருதான்’னு.”