திரைக்கு முதுகு காட்டியவன்

வாய்க்கொழுப்பு எனக்கு இருபத்திரண்டு வயதில் உச்சத்தில் இருந்தது. (இப்போது மட்டும் என்ன குறைந்துவிட்டது என்பாள் என் மனைவி. அவள் கிடக்கிறாள்.)

அப்போது நான் பகலில் வட்டிக்கடைக் கிட்டங்கி ஒன்றில் குமாஸ்தா. சாயங்காலமானால் ஜாலான் புசார் தெருப் பக்கம் போட்டிருந்த பயாஸ்கோப் கூடாரத்தில் பெரிய புள்ளி. ஊமைப் படம், நடுநடுவே வரும் எழுத்தும் இங்கிலீஷ். திரைக்குப் பக்கத்தில் நின்று நடப்பதையெல்லாம் தமிழில் உரக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

ஒரு படத்தைப் பதினைந்து தடவை சொல்லியிருந்தேன். மீசைக்காரன் ஒருவன் குழந்தையைத் திருடுகிறான், நாய் துரத்திப் பிடிக்கிறது, கடைசியில் கல்யாணம். நாய்க்குப் பதிலாக நானே குரைப்பேன். நல்ல பேர்.

கொஞ்ச நாளில் அதே கதையை வேறொரு கம்பெனி புதிதாக எடுத்திருப்பதாகப் பெட்டி வந்து இறங்கியது. "ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்க தம்பி" என்றார் கூடாரக்காரர்.

"அதே கதைதானே லா. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். பழசு எங்க ஒசத்தி, புதுசு எங்க மட்டம்னு அதையும் சேத்தே சொல்லிடறேன்."

அன்றைக்கு நான் இப்படித் துள்ளியதற்குக் காரணம் உண்டு. சிராங்கூன் ரோட்டில் மாட்டுக்கொட்டகை வைத்திருந்த வேலாயுதம், தன் மகள் காமாட்சியை எனக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க, குடும்பத்தோடு ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவளைக் கோயிலில் நாலு தடவை பார்த்திருந்தேன். அவள் கிடைக்காவிட்டால் சாமியாராகிவிடுவது என்று முடிவு. (எந்த மடம் என்று யோசிக்கவில்லை.)

முன்வரிசையில் பதினோரு பேர். என் முகம் அவர்களுக்கு நன்றாகத் தெரியட்டுமென்று திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

"இதோ வருகிறான் குழந்தை திருடும் பாவி" என்று முழங்கினேன். கூட்டம் முணுமுணுத்தது. "கழுத்தை நெரிக்கிறான், பாருங்கள்" என்றேன். யாரோ சிரித்தார்கள். "நாய் பாய்கிறது" என்று நாலுகால் பாய்ச்சலில் குரைத்தேன். கூடாரமே அதிர்ந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. "பழைய படத்து நாய் இன்னும் சுறுசுறுப்பு" என்று ஒப்பிட்டு வேறு சொன்னேன்.

கடைசிக் காட்சி. "கல்யாணம். மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எல்லோர் முகத்திலும் ஆனந்தம்."

வேலாயுதம் எழுந்தார். "தம்பி, கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

பார்த்தேன். நாலு பேர் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் மீசைக்காரன் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதான். புதுப் படத்தில் அவன்தான் பெற்ற அப்பன், செத்தது குழந்தையின் தாத்தா. நாயே கிடையாது. நான் குரைத்தபோது உள்ளே வந்தவர் பாதிரியார் என்று கூடாரக்காரர் பிறகு சொன்னார்.

வேலாயுதம் மற்ற பத்துப் பேரையும் ஓட்டிக்கொண்டு போனார். மானம் போய்விட்டது, காமாட்சியும் போய்விட்டாள். இரண்டு நாள் கிட்டங்கிக்கே போகாமல் போர்த்திப் படுத்துக் கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவரே வந்து நின்றார்.

"எம் பொண்ணு ரெண்டு நாளா சிரிப்பா சிரிக்கிறா. கறந்த பாலையெல்லாம் கொட்டிட்டா. வேற மாப்பிள்ளை வந்தா, அவரு குரைப்பாரான்னு கேக்கறா. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க? நாள் பாத்துடலாம்."

கல்யாணத்தன்று பக்கத்தில் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தாலியைக் கையில் எடுத்தேன். மாமனார் என் காதருகே குனிந்து, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

"மாப்பிள்ளை, ஒரு தடவை திரும்பிப் பாத்துக்குங்க. அதே பொண்ணுதானா, வேற கம்பெனி எடுத்ததான்னு."

நாதஸ்வரக்காரர் சிரித்ததில் கெட்டிமேளம் பாதியில் நின்றுபோயிற்று.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும், நான் எதையாவது அடித்துப் பேசினால் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மெதுவாகக் குரைக்கிறார்கள். முதலில் ஆரம்பிப்பது காமாட்சிதான்.