மலைராணி ட்ரூஸாவின் கண்ணீர்

ஞாயிற்றுக்கிழமையானால் ஹோல்பாக் தேவாலயத்தில் பாதிரியார் காலிப் பெஞ்சுகளுக்குத்தான் உபதேசம் செய்வார். சாக்சனி மலைநாட்டுச் சுரங்க ஊர் அது. மொத்த ஜனமும் சந்தையில் கல் விற்கும் க்ரும்பீகலின் வண்டியைச் சுற்றி நிற்கும்.

க்ரும்பீகல் ஒரு கறுப்புக் கல்லை உயர்த்திக் காட்டினான். அதன் குழிக்குள் கடுகளவுப் படிகங்கள் மினுங்கின.

"இதுக்கு ட்ரூஸ்னு ஏன் பேரு வந்துச்சு தெரியுமா? மலைக்குள்ள சிறைப்பட்ட ராணி ட்ரூஸா அழுத கண்ணீர்! தலையணைக்கு அடியில வெச்சா நெஞ்சு நோவு ஓடிடும். மருந்து சாப்பிட்டா மட்டும் ராணிக்குக் கோபம் வரும்!"

மருந்துக்குக் கோபப்படும் ராணி, க்ரும்பீகல் கல்லுக்கு மூன்று மார்க் வாங்குவதை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

சுரங்கத் தொழிலாளி எமிலின் மனைவி ஹெட்விக் ஏற்கெனவே இரண்டு கல் வாங்கியிருந்தாள். டாக்டரையும் நிறுத்திவிட்டாள். எமில் இப்போது ரத்தமாக இருமினான். மூன்றாவது கல்லுக்குக் கை நீட்டியவளைத் தடுத்து, கல்லைத் தன் கையில் வாங்கிக்கொண்டார் ஊலிக். இருபது வருஷம் சுரங்கத்தில் உழைத்துவிட்டு இப்போது முடிதிருத்துபவர். கல்லை நக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"யோவ், கல்லுக்குள்ள குழிச் சுவர்ல பொடிப்படிகம் அப்பியிருந்தா சுரங்கத்துல நாங்க அதை ட்ரூஸ்னு சொல்லுவோம். வீக்கம், கட்டிங்கிற பழைய சொல்லுலேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க. குதிரைக்குத் தொண்டை வீங்கினாலும் ட்ரூஸ்தான். அதையும் ராணின்னு கும்பிடுவியா?"

கூட்டம் சிரித்தது. க்ரும்பீகல் சிரிக்கவில்லை.

ஊலிக் கடையிலிருந்து ஒரு பாத்திரம் கொதிநீர் கொண்டுவந்தார். தாம் சுரங்கத்தில் எடுத்த கல்லையும், க்ரும்பீகலின் கல்லையும் அதில் போட்டுக் கிளறினார். சற்றுப் பொறுத்து இரண்டையும் இடுக்கியால் எடுத்தார். அவர் கல் அப்படியே மினுங்கியது. ராணியின் கல்லில் படிகமெல்லாம் கரைந்து, தாது உருக்கும் உலையில் கழித்த வெறும் கறுப்புக் கசடுதான் மிச்சம்.

"படிகாரம்! தினமும் சவரம் பண்ணி உங்க கன்னத்துல நான் தேய்க்கிறது!"

"நம்பாதவன் முன்னாடி ராணி அழமாட்டா!" என்று க்ரும்பீகல் கத்தினான்.

"அழுத கண்ணீரையுமா திருப்பி வாங்கிக்குவா?"

ஹெட்விக் அங்கே நிற்கவில்லை. டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். க்ரும்பீகல் வண்டியைப் போட்டுவிட்டு எதிர்த்திசையில் ஓடினான்.

அப்போது ரொட்டிக்கடைக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் குவளை.

"ஊலிக் ஐயா, ராணி கண்ணீர் கரைஞ்ச தண்ணிதானே? எனக்கு ஒரு குவளை ஊத்துங்க, மூட்டுவலிக்கு!"

படிகாரம் கரைய ஒரு பாத்திரம் வெந்நீர் போதும். மடமை கரைய எவன் அடுப்பு மூட்டினாலும் போதாது. அவரவர் தலைக்குள்தான் மூட்டவேண்டும்.