ஒன்றுக்குப் பதில் ஒன்று

உடற்பயிற்சி செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. காலையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, மிச்ச நாள் முழுவதும் எதற்குப் பதில் எதைத் தின்னலாம் என்று ஆராய்கிற இனம். அவர்களுக்குப் 'பதிலாளர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். பதிலாளருக்குத் தாகமெடுத்தால் சும்மா தண்ணீர் குடிக்க மாட்டார். எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, வெள்ளரித் துண்டை மிதக்கவிட்டு, பாட்டிலைக் குலுக்கி, "கடையில விக்கிற கலர் தண்ணிக்கு இது எவ்வளவோ தேவலை சார்" என்று பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். அவர் கேட்டாரா? இல்லை.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேனே!

சிப்ஸை விட்டேன், பாதாம் வந்தது. ஒரு கைப்பிடிதான் தின்னலாம் என்றார்கள். யாருடைய கை என்று சொல்லவில்லை. ஐஸ்கிரீமை விட்டு, உறையவைத்து அரைத்த வாழைப்பழத்துக்கு மாறினேன்; உடம்புக்கு நல்லதாயிற்றே என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் பாத்திரத்தோடு உட்கார்ந்தேன். எடை பார்க்கும் மெஷின் மட்டும் என் முன்னேற்றம் புரியாமல் முரண்டு பிடித்தது. அதையும் மாற்றினேன். புதிதாக வந்ததும் அதே புத்தியோடுதான் வந்தது.

என்னோடு நிறுத்தினேனா? சர்க்கரை டப்பாவில் பேரீச்சம்பழப் பொடியைக் கொட்டினேன். மகளின் சாக்லேட் பெட்டியில் கோகோ தூவிய கடலையை நிரப்பினேன். மயோனைஸ் பாட்டிலில் தயிர். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் காபியை ஒரு வாய் குடித்த மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னத்தப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"தெரியாம மாத்தினாத்தான் பழகும். சொல்லிட்டு மாத்தினா மனசு ஒத்துக்காது."

"அப்படியா?" என்றாள். அந்த 'அப்படியா'வை நான் கவனித்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருந்த கூடத்தில் எழுந்து நின்று, "என் கல்யாணத்துக்குத் தெச்ச கோட்டையே போட்டுக்கிட்டு வரேன், பாரு!" என்று சவால் விட்டேன்.

"போட்டோகிராபரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றேன் மாமா. பட்டன் தெறிச்சா பாவம், அவருக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்றான் மாப்பிள்ளைப் பையன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் மானம் இரண்டு பட்டனில் தொங்கியது. ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பட்டனுக்கும் துளைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அப்புறம் அந்த அலமாரிப் பக்கம் போகவே பயமாக இருந்தது.

கல்யாணத்தன்று காலை மனைவி கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடி, வயிற்றை எக்கி, கையை நுழைத்தேன். பட்டன் ஏறியது! மூச்சை விட்டேன். அப்போதும் நின்றது!

அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? மண்டபத்தில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, எதற்குப் பதில் எதைச் சாப்பிட வேண்டும் என்று விளக்கினேன். விளக்கியபடியே கேக்கில் ஒரு பெரிய துண்டை முடித்தேன். ஜெயித்தவன் சாப்பிடலாம். கல்யாண மாப்பிள்ளையே வந்து, "தப்பா பேசிட்டேன் மாமா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அப்போது மனைவி வந்து என் காலரைச் சரிசெய்வதுபோல் பின்னாலிருந்து எதையோ வெடுக்கென்று பிய்த்து, என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். விரித்துப் பார்த்தேன். துணிக்கடைச் சீட்டு. அதில் போட்டிருந்த அளவு என் பழைய கோட்டின் அளவைவிட இரண்டு படி பெரிது.

"கடை கடையா ஏறி இறங்கி அதே கலர்ல புடிச்சேன்" என்று காதோடு சொன்னாள். "தெரியாம மாத்தினாத்தானே பழகும்? அத்தனை பேர் முன்னாடி நீங்க தலை குனிஞ்சு நிக்கறத என்னால பாக்க முடியாதுங்க."

கோபப்படத்தான் நினைத்தேன். வெட்கமும் நன்றியும் முந்திக்கொண்டன. சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அன்று முழுவதும் யாருக்கும் எதையும் விளக்காமல் இருந்தேன்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் படித்துக்கொண்டே கை எதையோ கொறிக்கிறதே, என்ன அது? வறுத்த பூசணி விதையா? ரொம்ப நல்லது, சாப்பிடுங்கள். ஒன்று மட்டும்: போன மாதம் இடுப்பைப் பிடித்த உங்கள் பேன்ட் இந்த மாதம் சுலபமாக ஏறினால், பெருமைப்படுவதற்கு முன்னால், வீட்டில் துணி மடித்து வைப்பது யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.