எச்சிலில் படுத்த நாகம்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் பாம்பு பிடிக்கிறார்கள். புற்றில் இல்லை, எச்சிலில்!

பிடிப்பவர் மைக்ரோ சித்தர். போன வருடம் வரை வெறும் ஜானகிராமன். இப்போது நெஞ்சு வரை நரைத்த தாடி, மேசையில் ஒரு மைக்ராஸ்கோப், அதன் தலையில் டிஜிட்டல் கேமரா, சுவரில் பெரிய டிவி. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எச்சில் வைத்தால் போதும், உங்கள் நாக தோஷம் டிவியில் சுருண்டு படுத்திருக்கும். தாயத்து கட்டினால் தீரும். ஜாதகம் பொய் சொல்லலாம், கேமரா சொல்லுமா? ஊரே பாட்டில் மூடியில் துப்பிக்கொண்டு வரிசையில் நின்றது. ஸ்கூட்டரில் வந்த குமாஸ்தாக்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார்கள். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

பாக்கியலட்சுமி தன் மகன் வெற்றிச்செல்வனையும், அவனுக்கு நிச்சயித்த சுடர்விழியையும் இழுத்து வந்திருந்தாள். பத்திரிகை அடிக்கும் முன் பெண்ணின் எச்சிலைப் பார்த்துவிட வேண்டுமாம். சுடர்விழி கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க இதே மாதிரிக் கருவியில் பூஞ்சைகளைப் படம் எடுப்பவள். பழக்க தோஷத்தில், கேமராவைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள் என்று கேட்டுவிட்டாள்.

சித்தருக்கு மூக்கு சிவந்தது. அவள் எச்சிலைத் தகட்டில் வைத்தார். டிவியில் வலது மூலையில் பாம்பு. இது தாயத்துக்கு அடங்காத நாகம், இவள் வலது காலை வைத்தால் மாமியார் தலை உருளும் என்றார். பாக்கியலட்சுமி தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கல்யாணத்தை அங்கேயே நிறுத்தினாள். வெற்றிச்செல்வன் வாயைத் திறக்கவில்லை. அவன் வாயிலும் எச்சில் இருக்கிறது, பாவம்.

சுடர்விழிக்கு அழுகை முட்டியது. அவனை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் வந்த மூன்று பேரின் பாம்பும் இதே மூலையில்தான் படுத்திருந்தது.

தகட்டை மெல்ல நகர்த்தினாள். டிவியில் எச்சில் குமிழெல்லாம் நகர்ந்து ஓடின. பாம்பு அசையவில்லை. தகட்டையே எடுத்துவிட்டாள். அப்போதும் பாம்பு அங்கேயே.

"அத்தே, பாம்பு என் எச்சில்ல இல்ல. கேமராவுக்குள்ள கெடக்குது."

சித்தர் பாய்ந்து தடுப்பதற்குள் கேமராவைக் கழற்றிக் கவிழ்த்து, கைப்பையிலிருந்த, லென்ஸில் தூசி ஊதும் ரப்பர் பல்பால் உள்ளே ஊதினாள். மேசையில் விழுந்தது ஒரு சுருண்ட நரைமுடி. கூட்டம் முடியைப் பார்த்தது. பிறகு சித்தரின் தாடியைப் பார்த்தது. சித்தர் இரண்டு கையாலும் தாடியைப் பொத்திக்கொண்டார். கேமராவை மறுபடி மாட்டினாள். டிவி துடைத்த மாதிரி இருந்தது.

பாக்கியலட்சுமி அசடு வழிந்தாள். "ஆவணியிலயே வச்சிக்கலாம்மா."

"உங்க புள்ள வாயத் தொறந்து கேக்கட்டும். அப்பறம் பாக்கலாம்."

வெற்றிச்செல்வன் திறந்தான். அத்தனை பேர் முன்னால், எச்சில் தெறிக்கக் கெஞ்சினான்.

கூட்டம் கலையும்போது, ஹெல்மெட் போட்ட ஒருவர் மேசையை நெருங்கி, அந்த முடியைத் தாயத்தில் வைத்துத் தருவீர்களா என்று சித்தரிடம் மெதுவாகக் கேட்டார். ஐயா ஹெல்மெட்காரரே! கேமராவுக்குள் விழுந்த முடியை சுடர்விழி ஊதிவிட்டாள். மண்டைக்குள் விழுந்திருப்பதை நீர்தான் ஊத வேண்டும். முதலில் ஹெல்மெட்டைக் கழற்றும்.